ஸ்லாவ்காவின் கைக்கெட்டும் கேரியர்

பெரிய வண்டி வாங்கியதிலிருந்து ஸ்லாவ்கா படகோட்ட சோச்சா ஆற்றுப் பக்கமே போகவில்லை. அதன் கூரை உயரத்துக்குப் படகைத் தூக்க அவள் தோள் இடம்கொடுக்கவில்லை; கணவன் ட்ராகோவிடம் உதவி கேட்கவும் மனமில்லை. அவனுக்கு அது புரிந்தது.

வண்டிக் கூரையில் படகு ஏற்றக் கடைக்காரன் காட்டிய அகலமான கேரியரை வேண்டாமென்று சொல்லி, பக்கவாட்டில் இடுப்புவரை இறங்கிவரும் கேரியரை வாங்கிவந்தான். ஞாயிறு காலை முழுக்க வண்டிமேல் ஏறி உட்கார்ந்து நட்டுகளை முறுக்கினான்.

"இந்தப் பிடியை இழுத்துப் பாரு."

கேரியர் மெல்ல இறங்கியது. ஸ்லாவ்கா படகை வைத்து, பட்டையால் கட்டி, ஒரே தள்ளில் மேலேற்றினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா வேணாம்னுதானே சொல்லியிருப்ப?"

"ஆமா, சொல்லியிருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு துடுப்பை எடுத்தாள். "சட்டையெல்லாம் கிரீஸ். அப்படியே வா கிழவா, ஆத்துல முக்கி எடுக்கறேன்."