நூறு புள்ளி நாலு

காய்ச்சல் பார்க்கும் கருவியை ஃபைஸாவின் நெற்றிக்கு நேராக நீட்டினாள் ஆயா காசியம்மாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நூறு புள்ளி நாலு, டீச்சர்!"

வரிசையில் நின்ற பத்தாம் வகுப்பு மாணவிகள் சட்டென்று இரண்டடி விலகினார்கள். கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு பள்ளி திறந்த முதல் நாள்.

விஜயகுமாரி டீச்சருக்குத் தரையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இடைவெளி விட்டு நிற்பதற்காக நேற்று மாலை அவளே சுண்ணாம்பில் போட்ட வட்டங்கள். மாலையில் அந்த இடம் நல்ல நிழல். இப்போது காலை ஒன்பதரைக்கு ஒவ்வொரு வட்டத்திலும் வெயில் காய்ந்தது.

"அரை மணியா வெயில்ல நின்னுகினு கீது புள்ள. மரத்தாண்ட குந்த வெச்சா எறங்கிடும்," என்றாள் காசியம்மாள்.

செங்கல்பட்டிலிருந்து பார்வையிட வந்த கல்வி அதிகாரி கையிலிருந்த ஃபைலை மூடினார். "நாலு பேருக்குப் பரவினா நீங்க பதில் சொல்வீங்களா, டீச்சர்? அப்பாவுக்கு போன் போடுங்க."

போன வாரம்தான் மாமல்லபுரத்தில் ஃபைஸாவின் அப்பா சைஃபுல்லாவின் டீக்கடையில் நின்று, பள்ளிக்கு அனுப்பும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாள் விஜயகுமாரி.

"மே மாசம் என் தம்பிய மூட்டையா கட்டிக் குடுத்தாங்கோ, டீச்சர். மூஞ்சியக்கூட பாக்கல. வூட்டு வாசல்ல தகரம் அடிச்சானுங்கோ. அப்பால ஒரு மாசம் நம்ம கடையில ஒருத்தன் டீ குடிக்கல. இன்னாத்த நம்பி அனுப்பறது?"

"லேசா சூடு தெரிஞ்சாலும் முதல் போன் உங்களுக்குத்தான், பாய்."

"போன் வந்தா அதோட சரி. தையல் கடைக்கு அனுப்பிடுவேன்."

இப்போது அவள் போன் போட்டாள்.

இருபது நிமிடத்தில் சைஃபுல்லா வண்டியில் வந்து இறங்கினார். அதற்குள் வேப்பமரத்தடியில் ஃபைஸாவுக்குத் தொண்ணூற்றேழு புள்ளி எட்டு, பச்சை விளக்கு. காசியம்மாள் கருவியோடு ஓடி வந்து காட்டினாள். அவர் பார்க்கவில்லை.

"வெயில் சூடுதான், பாய்," என்றாள் விஜயகுமாரி.

"தெரிஞ்சிகினேதான் போன் பண்ணீங்களா?"

அதிகாரி தலைமையாசிரியர் அறையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். விஜயகுமாரி அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"அத்தா, எனக்கு ஒண்ணுமில்ல அத்தா. டீச்சர், வட்டம் வெயில்ல இருந்துச்சின்னு நீங்க சொல்லுங்க டீச்சர்!"

"ஏறு வண்டில. அந்த லெட்டர குடுங்க, டீச்சர்."

கடிதத்தை வாங்கி நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஃபைஸா பின்னால் ஏறி உட்கார்ந்து, பள்ளியைப் பார்க்காமல் டீச்சரையே பார்த்துக்கொண்டு போனாள்.

மாலையில் அதிகாரி சொல்லச் சொல்ல விஜயகுமாரி அறிக்கை எழுதினாள். நெறிமுறைகள் சிறப்பாகப் பின்பற்றப்பட்டன. வருகை தராதவர் ஒருவர்.

"காரணம் என்ன போடறது, சார்?"

"பெற்றோர் ஒத்துழைப்பு இல்லைன்னு போடுங்க."

அழகான கையெழுத்து அவளுக்கு. அப்படியே எழுதினாள்.