ஏழு எலுமிச்சம்பழம்

விடிவதற்கு முன்பே ஜவ்வரிசி ஆலைக்கு லாரி வந்து கொட்டிவிட்டுப் போயிருந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய மரவள்ளிக் கிழங்கு, மண்ணும் பனியுமாக ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்து பதினான்கு பெண்கள் தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். கத்தியால் ஒரு கீறல், கட்டைவிரலால் ஒரு நெம்பு, தோல் சுருண்டு விழும். கிழங்குப் பால் பட்டுப் பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. அதில் தொட்டித் தண்ணீர் பட்டால் உயிர் போய்த் திரும்பும். ஊரார் பாயசத்துக்கு ஜவ்வரிசி வேண்டுமே, யார் விரல் வெடித்தால் யாருக்கு என்ன?

கொளஞ்சியம்மாளுக்கு விரல் எரிச்சல் ஒரு பொருட்டே இல்லை. ஏழு மணிக்கு மோட்டார் போடுவார்கள். அதை நினைத்ததுமே அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வியர்த்துக் கத்தி நழுவும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அது நடந்தது. அரவை மிஷினின் வாயில் கிழங்கு தள்ளிக்கொண்டிருந்த சாலம்மாளின் வலது கையை, கிழங்கோடு சேர்த்து மிஷின் இழுத்துக்கொண்டது. வாய்க்கு மூடி கிடையாது. சுவிட்சு இருந்ததோ சுவருக்கு அந்தப் பக்கம், மோட்டார் அறையில். மோட்டார் பார்க்கும் முனியனை மூட்டை ஏற்ற அனுப்பியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற கொளஞ்சிதான் ஓடினாள். ஓடிப்போய் அணைப்பதற்குள் மணிக்கட்டு வரை போய்விட்டது. மறுநாளே மிஷினைக் கழுவி ஓட்டினார்கள். அவ்வளவுதான் துக்கம்.

அன்றிலிருந்து கொளஞ்சிக்குத் தூக்கம் இல்லை. யாரிடமும் சொல்லாமல் சங்கராபுரம் பக்கம் ஒரு பூசாரியிடம் போனாள். காற்று அண்டியிருக்கிறது என்றார் அவர். எலுமிச்சம்பழம் ஒன்றை மந்திரித்துக் கொடுத்தார். மடியிலேயே இருக்க வேண்டும், வெளியே சொன்னால் பலிக்காது. சொல்லாமல் அதையும் சுமந்துகொண்டு வேலைக்கு வந்தாள்.

மேஸ்திரி வீரமுத்து அவள் தலைக்கு மேலே வந்து நின்றான்.

"கொளஞ்சி, இன்னியிலேர்ந்து மறுபடி நீதான் மிஷின் வாயில. மொதலாளி சொல்லிட்டாரு."

"கை நடுங்குதுங்க மேஸ்திரி. வேற இன்னா வேல குடுத்தாலும் செய்யறேன்."

"நடுங்கினா வூட்டுக்குப் போய் நடுங்கு. நாளைக்கு வராத."

அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். பெரிய மகள் கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்கிறாள். இந்த வேலை போனால் படிப்பும் போகும். கை போனாலும் போகும். வேலையா கையா, எது முதலில் போகும் என்பதுதான் கேள்வி.

ஏழு மணிக்கு மோட்டார் போடவில்லை. எல்லோரையும் ஜவ்வரிசி காயவைக்கும் சிமெண்டுக் களத்துக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி பொன்னுரங்கம் வெள்ளை வேட்டியில் நின்றார். பக்கத்தில் சட்டையில் மைக் குத்திய ஒரு பயிற்சியாளர்.

"மூணு வாரமா அரவை பாதிக்குப் பாதி கம்மி. மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு உங்க மனசுல" என்றார் பொன்னுரங்கம். "அதான் டென்ஷன் போக்கறதுக்கு மெட்ராஸ்லேர்ந்து சாரைக் கூட்டியாந்திருக்கேன். சொல்றதக் கேட்டு நடங்க."

மூடி போடக் காசில்லாத மனிதர் மைக்குக்குக் காசு கண்டுபிடித்துவிட்டார்.

"பயம் வெளியில இல்லம்மா" என்று பயிற்சியாளர் குழைந்தார். "நாமளே மனசுக்குள்ள உண்டாக்கிக்கிறதுதான். கண்ணை மூடுங்க. மூச்சை மெதுவா இழுங்க. மிஷின் உங்க சிநேகிதின்னு நெனச்சுக்குங்க."

கொளஞ்சி கண்ணை மூடினாள். சாலம்மாளின் உடைந்த வளையல் தெரிந்தது. உடனே திறந்துவிட்டாள்.

"இப்ப ரெண்டு கையையும் மேல தூக்குங்க. இன்னும் நல்லா. குதிகால் எழும்பட்டும்."

தூக்கினாள். மடி தளர்ந்தது. எலுமிச்சம்பழம் சொத்தென்று விழுந்து, களத்தின் சரிவில் உருண்டு, பொன்னுரங்கத்தின் செருப்பருகே போய் நின்றது. கொளஞ்சிக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது.

"இன்னாடி, ஊறுகா போடப் போறியா?" என்று வீரமுத்து சிரித்தான்.

அவன் சிரித்து முடிப்பதற்குள் ராணியம்மாளின் மடியிலிருந்து ஒன்று விழுந்தது. அப்புறம் குஞ்சம்மாளுடையது. அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஏழு. மிஷின் வாயில் முறை வைத்து நின்ற ஏழு பேர், ஏழு பழம்.

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"உனக்குமாடி?" என்றாள் ராணியம்மாள்.

"சோறே எறங்கலக்கா" என்றாள் குஞ்சம்மாள். "மோட்டார் சத்தம் காதுலயே இருக்குது. நான் ஒருத்திதான் இப்பிடின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

கொளஞ்சிக்கு அழுகைதான் முதலில் வந்தது. மூன்று வாரமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள், கோழை என்று. ஏழு பேரும் ஒரே வேதனையை ஒருத்திக்கொருத்தி ஒளித்துக்கொண்டு ஒரே கிழங்குக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அழுகைக்குப் பின்னால் ஆத்திரம் வந்தது.

"ஏழு பேரையும் ஒரே காத்தா அண்டும்?" என்றாள் உரக்க. "நம்மள எந்தக் காத்தும் புடிக்கலடி. சாலம்மா கை போனதப் பாத்தப்புறம் கை நடுங்காம இருந்தாதான் அதிசயம்."

பயிற்சியாளர் பக்கம் திரும்பினாள். "சார், ஒரு சந்தேகம்ங்க. நீங்க சொன்னபடியே மூச்ச இழுத்துக்கினு நிக்கறேன். கை உள்ள போச்சுன்னா மூச்ச இழுக்கறதா, வுடறதா?"

அவர் முதலாளியைப் பார்த்தார்.

"ஜாஸ்தி பேசாத" என்றார் பொன்னுரங்கம். "பேச்சுக் குடுத்துக்கினே வேல செஞ்சா கை போவத்தான் செய்யும்."

"மூடி இருந்தா போயிருக்காதுங்க. சுவிட்சு எட்டற தூரத்துல இருந்தா வெரலோட போயிருக்கும். மூடி போடுங்க. சுவிட்ச இந்தப் பக்கம் வைங்க. சாலம்மாளுக்கு ஒரு வழி சொல்லுங்க. அதுவரைக்கும் ஒருத்தியும் வாயில நிக்க மாட்டா."

"எல்லாருக்கும் சேத்துப் பேச நீ யாருடி?"

தான் தனியாக நிற்கிறோமோ என்று கொளஞ்சி திரும்பிப் பார்த்தாள். ராணியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நானும்தாங்க பேசறேன்."

"நானும்" என்றாள் குஞ்சம்மாள்.

"நாளைக்கே வேற ஆள எறக்குவேன். தெரியுமில்ல?"

"எறக்குங்க" என்றாள் கொளஞ்சி. "சாலம்மாளக் கூட்டியாந்து கேட்டாண்ட நிக்க வெக்கறோம். புதுசா வர்றவங்க அந்தக் கையப் பாத்துட்டு உள்ள வரட்டும்."

பொன்னுரங்கத்தின் முகம் கறுத்தது. "முனியா! மோட்டாரப் போடுடா. எவ வரலன்னு பாத்துடறேன்."

மோட்டார் உறுமியது. கொளஞ்சியின் நெஞ்சு எப்போதும்போல் அடித்துக்கொண்டது. பயம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் நடுங்கும் கையை இன்று அவள் மறைக்கவில்லை. களத்திலிருந்து உள்ளே போய் மிஷினுக்கு முன்னால் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். பதினான்கு பேரும் உட்கார்ந்தார்கள். குஞ்சம்மாள் அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கையும் நடுங்கியது.

மிஷின் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தது. தொட்டியில் சீவிய கிழங்கு. அரைக்காமல் விட்டால் கறுத்துப்போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், முதலாளிக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். வீரமுத்து ஒவ்வொருத்தியின் பெயரையும் சொல்லிக் கத்தினான். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

திடீரென்று மோட்டார் நின்றது.

"எவன்டா அணைச்சது?" என்று பொன்னுரங்கம் கூவினார்.

மோட்டார் அறையிலிருந்து முனியன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே பெண்களிடம் வந்தான்.

"அன்னிக்கு என்னைய மூட்ட ஏத்த அனுப்பாம இருந்தா, சாலம்மாக்கா கை இருந்திருக்கும்" என்றான். "கொஞ்சம் தள்ளி உக்காருக்கா."

கொளஞ்சி தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.