உதை இல்லாத காட்சி

பேசாத படங்களின் காலம் அது. 'ஒட்டடை' என்று ஊரே அழைத்த அந்த ஒல்லி நடிகன் திரையில் தடுக்கி விழுந்தால் போதும், கொட்டகை அதிரும். புதிய படத்தில் அவன் ஆலைத் தொழிலாளி. மயங்கி விழுந்த கிழவரை ஆலை முதலாளி பிரம்பால் குத்தி எழுப்பும்போது, பின்னாலிருந்து ஓர் உதை விடுவான். தொப்பி ஒரு பக்கம், முதலாளி ஒரு பக்கம் பறந்து சாக்கடையில் விழுவார்.

படத்துக்குப் பணம் போட்டவர் நிஜமாகவே ஆலை வைத்திருந்தார்.

"அந்தக் கால் படத்துல தெரியக் கூடாது. தெரிஞ்சா, உனக்கு இங்க வேலை கிடையாது," என்றார் ஒட்டடையிடம்.

படச்சுருளை வெட்டி ஒட்டுபவள் ஒட்டடையின் மனைவி. பசை வாடை அடிக்கும் அவள் அறைக்குள் அவன் தாம்தூம் என்று குதித்தான்.

"உதை போனா என்னடி மிச்சம்? நான் வேலைய விட்டுப் போறேன்!"

"போங்க. போறதுக்கு முன்னாடி சட்டை பட்டனை ஒழுங்கா மாட்டுங்க." கத்தரிக்கோலை எடுத்தாள். "காலை மட்டும்தானே வெட்டச் சொன்னாரு? அவரு விழறத வெட்டச் சொல்லலையே."

"யாரு உதைச்சதுன்னே தெரியாதே!"

"தெரியக் கூடாதுன்னுதாங்க அவரும் சொல்றாரு."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவள் வெட்டினாள்.

முதல் காட்சிக்கு ஆலைத் தொழிலாளிகள் தரையெல்லாம் நிறைந்திருந்தார்கள். பணம் போட்டவர் மாடியில். திரையில் முதலாளி பிரம்பால் கிழவரைக் குத்தினார். அடுத்த நொடி, தானாகவே பறந்து சாக்கடையில் விழுந்தார். கொட்டகை திகைத்தது. ஒட்டடை நகத்தைக் கடித்தான்.

நூல் துகள் படிந்த தலையோடு ஒருத்தி எழுந்தாள்.

"நான்தான்டா உதைச்சேன்!"

"போக்கா, அது என் கால்!" என்றான் ஒருவன்.

"உன் காலா? உன்னை உன் பொண்டாட்டியே உதைக்கிறா!"

சிரிப்பில் கூரைத் தகரம் கிடுகிடுத்தது. ஆளாளுக்கு அந்த உதைக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். மறுபடி போடச் சொல்லித் தரையைத் தட்டினார்கள்.

பணம் போட்டவர் மூச்சு வாங்க இறங்கி வந்தார். "அந்த முதலாளி விழறதையும் வெட்டும்மா!"

"பாத்தவங்க கண்ணுல இருந்து எப்படி வெட்டறதுங்க?" என்றாள் அவள்.

ஒட்டடை மனைவியின் பக்கத்தில் வந்து நின்றான். முதல்முறையாக அவர் முன்னால் தன் தொப்பியைக் கழற்றவில்லை.

"கால் தெரிஞ்சா வேலை இல்லைன்னீங்க. தெரியலையே. அடுத்த படத்துல நான் வேலைக்காரன், வீட்டு எசமான் உங்கள மாதிரி. எப்ப ஆரம்பிக்கலாம்?"