துடைத்து வைத்த செருப்பு

முழுமார்க் டீச்சர் என்ற பட்டம் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. அவரிடம் ட்யூஷன் படித்த பிள்ளைகள் இலக்கியக் கேள்வியிலும் கடிதத்திலும் மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு வந்தார்கள். வீட்டு முன்னறையில் ஒரு வெள்ளைப் பலகை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் பள்ளிக்கூடம். இலக்கியக் கேள்விக்கு எந்தக் கட்சி வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் ஆதாரம் பாடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பார். கடிதத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆதாரம் இல்லையென்றால் உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். பேப்பர் திருத்துகிற புண்ணியவான் வீடு வீடாகப் போய் விசாரிக்கவா போகிறார்?

ஊமைக்கோட்டான் என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்த பெண் ஒருத்தி இருந்தாள். ஒருநாள் அவளாகவே ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். வீட்டைவிட்டுப் போன அம்மாவைத் திரும்ப அழைக்கும் கடிதம்.

"தலைப்பு புதுசா இருக்கே. எந்த கைடுலேர்ந்து எடுத்தே?"

அவள் தலையை எப்படியோ ஆட்டினாள். டீச்சரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊமை வாயைத் திறந்ததே பெரிய விஷயம் என்று சிவப்புப் பேனாவை எடுத்தார்.

'அம்மா, வந்துடு. எனக்குப் பயமா இருக்கு.' இதையே சுற்றிச் சுற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். டீச்சர் மொத்தத்தையும் குறுக்கே அடித்தார்.

"கெஞ்சாதே. கெஞ்சினா ஒருத்தரும் அசைய மாட்டாங்க. சரி, வர மாட்டேன்னு சொல்றதுக்கு அந்த அம்மாகிட்ட என்ன காரணம் இருக்கும்?"

"அப்பா அடிப்பாரு."

"சபாஷ்! இதுதான் எதிர்வாதம். அதை நீயே முதல்ல சொல்லிடணும், அப்புறம் உடைக்கணும். அப்பா மாறிட்டாருன்னு எழுது. ஆனா மாறிட்டாருன்னு மொட்டையா எழுதினா யாரு நம்புவா? கண்ணால பார்த்த மாதிரி ஒண்ணு வேணும்." டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "அம்மா விட்டுட்டுப் போன செருப்பை அவர் தினமும் துடைச்சு வாசல்ல வைக்கிறாரு. எப்படி?"

"அவரு அப்படிச் செய்யலையே டீச்சர்."

"அட அசடே, அதை யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

அவள் எழுதிக்கொண்டாள். அந்த வரியில் டீச்சருக்குச் சின்னதாக ஒரு பெருமைகூட. மறுநாள் அதைப் பலகையில் எழுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டினார்.

அப்புறம் கொஞ்ச நாளாக அவளைக் காணவில்லை. வந்த அன்று பாடம் முடிந்தும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அம்மா வந்துட்டாங்க டீச்சர்."

"எங்க போயிருந்தாங்க?" என்று பலகையைத் துடைத்தபடியே கேட்டார் டீச்சர். கேட்டு முடிப்பதற்குள் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "அடப்பாவி, அது நிஜமா? அடிச்சாரா?"

"வந்த வாரமே. அம்மாவுக்குக் கை உடைஞ்சிடுச்சு. இப்ப ஒரு காது கேக்கல."

"மறுபடி கிளம்பிப் போகச் சொல்லும்மா!"

"சொல்லிட்டேன். மாட்டேங்கறாங்க. செருப்பைத் துடைச்சு வச்சு எனக்காகக் காத்திருந்த மனுஷன், மறுபடி மாறுவாருன்னு சொல்றாங்க."

"அது பொய்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். பயத்துல உளர்றேன்னு நினைக்கிறாங்க. பொய்யா இருந்தா இவ்வளவு தெளிவா எழுதியிருப்பியாடின்னு கேக்கறாங்க. கடிதத்தை மடிச்சுத் தலையணைக்கு அடியில வச்சிருக்காங்க."

இப்படி ஒரு பிள்ளை 'அவரு அப்படிச் செய்யலையே' என்று வாய்விட்டுச் சொன்னபோது தன் காது எங்கே போயிருந்தது என்று டீச்சருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "இன்னொண்ணு எழுதிக் கொடுத்தேன். படிச்சுட்டு, முதல் கடிதம் மாதிரி இல்லையேன்னு சிரிச்சாங்க. திருத்திக் கொடுங்க டீச்சர்."

'அம்மா, போயிடு. எனக்குப் பயமா இருக்கு.' பக்கம் முழுக்க அதுதான். இட்டுக்கட்டியது ஒரு சொல்லும் இல்லை. டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார், மூடினார். எங்கே கை வைப்பதென்று தெரியவில்லை.

"எதிர்வாதம் எனக்குத் தெரியும் டீச்சர். செருப்பு. அதை எப்படி உடைக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க."

டீச்சர் எழுந்துவிட்டார். "கிளம்பு, உங்க வீட்டுக்குப் போவோம். அந்த வரி நான் சொல்லிக் கொடுத்ததுன்னு உங்கம்மாகிட்ட நானே சொல்றேன்."

அவள் அசையவில்லை. "அப்பா வீட்ல இருக்காரு டீச்சர்."

முழுமார்க் டீச்சர் ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடி வாசலிலேயே நின்றார். இன்னொரு கால் வெளியே வரவில்லை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள்.