ஏழாவது மாடியிலிருந்து அழுத்திய பொத்தான்

2026 மார்ச் 14, சனிக்கிழமை, முற்பகல் பதினொன்றே கால் மணிக்கு, எங்கள் குடியிருப்பின் முற்றத்தில் கொளுத்தும் வெயிலில் நின்ற எங்கள் கார் திறக்க மறுத்தது. உள்ளே மருமகள் செய்த மூன்றடுக்கு கிரீம் கேக் இருந்தது. புதிதாகத் திறக்கப்படும் உணவகத்துக்கு அது பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால், அவளுக்கு அங்கே வாரந்தோறும் வேலை உண்டு, உருகிவிட்டால் இல்லை.

கேக்கை ஏற்றி வைத்துக் காரைப் பூட்டிய மகன், தன் சாவியோடு பேருந்தில் அலுவலகம் போய்விட்டான். மருமகளின் கையில் இருந்தது, என் கணவர் காவல் காக்கும் இரண்டாவது சாவி. பொத்தானை ஒருமுறை அழுத்தினாள்; சாவியின் விளக்கு மின்னியது. கார் மட்டும் இடித்த புளி போல நின்றது.

"இதுக்குள்ள சின்னதா இரும்புச் சாவி ஒண்ணு இருக்குமே, மாமா?"

"அது பத்திரமா இருக்கும்மா."

"எங்க?"

"கார்லதான். டேஷ்போர்டுக்குள்ள."

"நீங்க பத்திரப்படுத்தினா, திருடன் என்ன, நம்மாலயே எடுக்க முடியாது!" என்றேன்.

மருமகள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கார் பணிமனைக்குத் தொலைபேசி, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் கேட்டாள்: "தூரத்துல இருந்து யாராச்சும் சும்மா சும்மா அழுத்தினாங்களா?"

நாங்கள் இருவரும் என் கணவரைப் பார்த்தோம்.

"சும்மா இல்ல. பூட்டியிருக்கான்னு பால்கனியில நின்னு அழுத்திப் பார்ப்பேன். கார் சத்தமே குடுக்காது. குடுக்கலையேன்னு மறுபடி அழுத்துவேன்."

"ஏழாவது மாடியில இருந்தா கேக்கும்?" என்றேன்.

"நீ பக்கத்து அறையில இருந்து கூப்பிட்டாலே எனக்குக் கேக்கறதில்ல. அதுக்கு மட்டும் கேக்கணுமா?"

அந்தப் பெண் விளக்கினாள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சாவி ஒரு புதிய எண்ணை அனுப்புகிறது. பழைய எண்ணை யாராவது திருடி வைத்திருந்து அனுப்பினாலும் கார் ஏற்காது. அடுத்து வரவேண்டிய சில எண்களை மட்டுமே எதிர்பார்த்திருக்கும். எட்டாத தூரத்தில் அழுத்தி அழுத்தி, சாவியை அவர் வெகுதூரம் முன்னே ஓட்டிவிட்டார், கார் பின்தங்கிவிட்டது. அருகில் நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால், தொடர்ந்து வரும் இரண்டு எண்களைக் கொண்டு இந்தக் கார் கணக்கைச் சரிசெய்துகொள்ளும்.

மருமகள் இரண்டு முறை அழுத்தினாள். நான்கு கதவுகளின் பூட்டுகளும் ஒருசேரத் திறந்துகொண்டன. கேக்கின் மேலடுக்கில் ஒரு ஓரம் மட்டும் சரிந்திருந்தது. உணவகத்தில் சாக்லேட் துருவலைத் தூவி அதை மறைத்தாள். வேலை அவளுக்கே கிடைத்தது.

அன்று மாலை முடிவானது இது: இரும்புச் சாவி பொத்தான் சாவிக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது சாவி மருமகளிடம் இருக்கும். என் கணவர் எத்தனை முறை வேண்டுமானாலும் காரைச் சோதிக்கலாம்; ஆனால் கீழே இறங்கிப் போய், கதவின் கைப்பிடியை இழுத்துப் பார்க்க வேண்டும். மின்தூக்கியில் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்று அனுமதித்தோம்.