பன்னிரண்டுக்குப் பதில் எட்டு

சத்தம் நின்றதும் முதலில் கேட்டது, எதிர்ச் சாப்பாட்டுக்கடையில் யாரோ முள்கரண்டியைத் தட்டில் வைத்த ஒலி. மலவோல்தி கார் கம்பெனியின் சோதனை அறையில் எஞ்சின் ஓடுகிறவரை எங்கள் ஊரில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நின்றால், மோதெனாவின் இந்த ஓரம் முழுக்க வாயில் வைத்ததை மெல்லாமல் இருக்கும்.

எஞ்சினின் விலாவில் முஷ்டி அளவு ஓட்டை. உடைந்த பிஸ்டன் ராடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் சூடான ஆயில். நாங்கள் செய்த மூன்றாவது பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் அது; முதல் இரண்டும் ஏற்கெனவே போய்விட்டன. நான்காவது கிடையாது. பொலோஞ்ஞாவில் இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு இரவு ஷிப்டுதான் கிடைக்கும். அன்று ஆள் இல்லாததால் பகலையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். தலைமை இன்ஜினியர் எர்மெஸ் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிலானிலிருந்து ஒரு துணி ஆலைக்காரர் வந்திருந்தார். புது எஞ்சின் அன்று சாயங்காலம்வரை நிற்காமல் ஓடினால், ரேஸ் செலவு அவருடையது. இல்லையென்றால் ரேஸ் பிரிவையே மூடிவிடப்போவதாக முதலாளி மலவோல்தி எங்களிடம் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் வெயிலில் இந்த அறையில் நிற்க முடியாமல், ஆலைக்காரர் எதிரே ஆர்ஜியாவின் சாப்பாட்டுக்கடை நிழலில் முதலாளியோடு உட்கார்ந்து காதால் சோதித்துக்கொண்டிருந்தார்.

"ஆயில் மாத்துறோம்னு முதலாளி சமாளிச்சிருப்பாரு," என்றார் எர்மெஸ். "பக்கத்து மேடையில பழைய எட்டு சிலிண்டர் இருக்குல்ல? அதை ஸ்டார்ட் பண்ணுடா நேரியோ."

"அண்ணே, அது மாடு மாதிரி கத்தும். இந்தப் பன்னிரண்டு விசிலடிக்கும். தொட்டில் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும்."

"நம்மூர் தொட்டில்ல தெரியும். அந்தாளு மிலான்காரன்."

ஸ்டார்ட் செய்தேன். ரெண்டு சீசன் ஓடிக் களைத்த எஞ்சின். முதல் உறுமலுக்கே கண்ணாடி அதிர்ந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பின்கதவு வழியாக ஆர்ஜியா வந்தாள். கையெல்லாம் மாவு. மூடிய தட்டை என்னிடம் தள்ளிவிட்டு எர்மெஸின் காதில் கத்தினாள்.

"யாரு காதுலய்யா பூ சுத்துறீங்க?"

"அந்தாளு ஏதாவது கேட்டாரா?"

"ஆயில் மாத்தினதும் எஞ்சின் குரல் கம்பீரமாயிடுச்சேங்கிறாரு. உங்க முதலாளி மூஞ்சியைப் பாக்கணுமே! வாயில போட்ட தோர்த்தெல்லினி தொண்டையிலயே நிக்குது."

"மத்தவங்க?"

"எல்லாரும் தட்டையே பாத்துக்கிட்டு சாப்பிடுற மாதிரி இருக்காங்க. போஸ்ட்மேன் மட்டும் சிரிச்சான். காலை மிதிச்சேன்."

அப்புறம்தான் அடுத்த மேடையில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். அவள் புருஷன் எங்கள் வார்ப்புக்கூடத்தில்தான் வேலை செய்கிறான்.

"வார்ப்பு போச்சா?"

"இல்லம்மா. ராடு. உன் வீட்டுக்காரர் மேல தப்பில்ல."

"தப்பு யாரு மேலன்னா கேட்டேன்? சாயங்காலம் அந்தாளு சரின்னுட்டா, அடுத்த ஜூன் ரேஸுல எந்த எஞ்சினை வண்டியில வைப்பீங்க?"

எர்மெஸ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துணிதான் அழுக்காக இருந்தது.

"ஜூன் வரைக்கும் நாம இருப்போம்ல," என்றார்.

ஆர்ஜியா கதவுப் பக்கம் திரும்பினாள். காலித்தட்டை அப்புறம் கொண்டுவந்து தரச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மிலான்காரரிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். சொல்லப்போவதில்லை என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

ஆயில் அழுத்தம் இறங்க ஆரம்பித்திருந்தது. வேகத்தைக் குறைக்கக் கையை நீட்டினேன்.

"தொடாதே. சத்தம் மாறும்."

"மாறலைன்னா இதுவும் வெடிக்கும் அண்ணே."

அவர் தொப்பியைக் கழற்றி ஆயில் அழுத்தம் காட்டும் அளவுமானியின் மேல் மாட்டினார்.

ஜன்னல் வழியாகக் கடை தெரிந்தது. குனிந்த தலைகள். யார் தட்டிலும் ஒன்றும் குறையவில்லை. முதலாளி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மேஜைமேல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் மிலான்காரர் மட்டும் கண்ணை மூடி, எஞ்சின் துடிப்புக்கேற்ப மேஜையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இங்கே எர்மெஸின் தொப்பி நடுங்கி நடுங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது.