வெண்ணெயா, சுண்ணாம்பா

வயிற்றருகே இருந்த பித்தானைப் போட்டு முடிப்பதற்குள் லூசியம்மாளுக்கு வேர்த்துவிட்டது. கல்யாணத்துக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் டிரங்குப் பெட்டியை விட்டு வெளியே வரும் வெள்ளைச் சட்டை அது. போன ஈஸ்டருக்கே அவள் புருஷன் இன்னாசிமுத்து வயிற்றை எக்கிக்கொண்டுதான் அதற்குள் நுழைந்தார். "கொஞ்சம் மூச்ச உள்ள இழுங்க" என்று வழக்கம்போல் சொல்ல வந்தவள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

விடியும்போது தண்ணீர் பிடிக்கப் போன மனிதர். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டே பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாராம். வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை. டிராம்பே எண்ணெய் ஆலையில் காலமெல்லாம் குழாய் பொருத்தியவருக்குக் குழாயடியில் சாவு வந்துவிட்டதே என்று வாசலில் யாரோ சொல்லி வருத்தப்பட்டார்கள். லூசியம்மாளுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. செத்த இடத்தில் அர்த்தம் தேடுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தாள்.

அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்திருந்தது. சவப்பெட்டி வந்தாயிற்று. உபதேசியார் வந்து ஜெபமாலையைத் தொடங்கிவிட்டார். இன்னாசிமுத்துவின் அண்ணன் சந்தியாகு வடாலாவிலிருந்து குடும்பத்தோடு வந்து, சாவு வீட்டின் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். தாராவியில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். வரவேண்டிய ஒரே ஆள்தான் வரவில்லை. நாலு சந்து தள்ளி, தன் தோல்பைப் பட்டறையில் ஷாகுல் ஹமீது உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் ஒரு விடுகதையால் வந்த வினை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிலோன் ரேடியோவில் 'நான் யார், சொல்லுங்கள்' என்று ஒரு போட்டி நடக்கும். வாரத்துக்கு ஒரு குறிப்பாக மூன்று குறிப்புகள், அடுத்த வாரம் பதில். சரியாக எழுதிப் போட்டவர்களின் பெயரை வாசிப்பார்கள். சோப்புப் பெட்டி பரிசு கப்பலேறி வரும் என்று சொன்னார்கள்; தாராவிக்கு அந்தக் கப்பல் வந்ததே இல்லை. ஆனாலும் இன்னாசிமுத்துவின் ரேடியோ முன்னால் ஞாயிறுதோறும் கூட்டம் கூடும். மில் தொழிலாளி நம்பிராஜன் வருவார். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து பஸ் பிடித்து ஜகந்நாதன் வருவார். வீட்டில் ரேடியோ இருந்தும் தனியாகக் கேட்பதில் சுவாரசியம் இல்லை என்பார். எல்லாருக்கும் முன்னால் ஷாகுல் ஹமீது வந்து, தனக்கென்று உள்ள முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அவரும் இன்னாசிமுத்துவும் பேச ஆரம்பித்தால் லூசியம்மாள் சாயா போட்டு, குடித்து, டம்ளர் கழுவி வைத்த பிறகும் பேச்சு தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.

இந்த முறை முதல் குறிப்பு, "நான் வெள்ளை." அதில் தகராறு இல்லை. இரண்டாவது குறிப்பு, "பாணில் என்னைப் பூசுவார்கள்."

அங்கேதான் வெடித்தது. அலை ஏறி இறங்கும் அந்த ரேடியோவில் ணகரம் எது, னகரம் எது என்று யார் கண்டது?

"பான்னா வெத்தல" என்றார் இன்னாசிமுத்து. "வெத்தலையில பூசுத வெள்ளச் சாமான் சுண்ணாம்பு. இதுல யோசிக்க என்னவே இருக்கு?"

"அது பான் இல்லவே, பாண்" என்றார் ஷாகுல் ஹமீது. "கொழும்புல ரொட்டிக்கு அப்படித்தான் பேரு. எங்க மாமா அங்க கட வச்சிருந்தாக. ரொட்டியில பூசுதது வெண்ணெய்."

"எந்தத் தமிழனாவது ரொட்டிய ரொட்டின்னு சொல்லாம பான்னு சொல்லுவானா? ஒம்ம மாமா ஒம்ம காதுல நல்லாப் பூ சுத்தியிருக்காரு."

மாமாவை இழுத்திருக்கக் கூடாது. வாப்பா இல்லாத ஷாகுல் ஹமீதை வளர்த்து ஆளாக்கியவர் அந்த மாமாதான். ஷாகுல் ஹமீது எழுந்து செருப்பை மாட்டினார்.

"பதில் வரட்டும். பதில் வந்த பொறவுதான் ஒம்ம வாசல மிதிப்பேன். அல்லா மேல ஆண."

"மிதிக்க வேண்டாம். ஒம்ம வெண்ணெய ஒம்ம வீட்டுலயே வச்சு நக்கும்."

மறுநாளே சந்து இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அது கட்சிப் பெயராகவே ஆகிப்போனது. ரேஷன் கடை வரிசையில்கூட, "நீ வெண்ணெயா சுண்ணாம்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் இடம் விட்டார்கள்.

மூன்றாவது குறிப்பை முக்காலி காலியாகக் கிடக்கத்தான் கேட்டார்கள். நம்பிராஜன் அதில் உட்காரப் போனபோது, "அது ஆடும், கீழ உக்காரும்" என்றார் இன்னாசிமுத்து. அது ஆடாது என்பது எல்லாருக்கும் தெரியும். நேற்றுச் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தவர், சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஏட்டி, நாளைக்குப் பதில் சொல்லிருவான். சாகுல் வந்துருவாருல்லா?" என்று கேட்டார். யார் ஜெயிப்பார்கள் என்று கேட்கவில்லை. "வராம எங்க போவாவ" என்று லூசியம்மாள் சொன்னாள். அவளுக்கு இப்போது அந்த வாக்கைக் காப்பாற்றியாக வேண்டும்.

மத்தியானம் ஷாகுல் ஹமீதின் மனைவி நூர் நிஷா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். லூசியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. அல்லா பேரச் சொல்லிட்டேனே, அல்லா பேரச் சொல்லிட்டேனேன்னு தலையில அடிச்சுக்கிடுதாவ. நேரா கல்லறைக்கு வந்துருதேன்னு சொல்லச் சொன்னாவ."

"கல்லறைக்கு என்னத்துக்கு? மண்ணு தள்ள ஆளு நெறய இருக்கு. சண்ட இந்த வாசல்லதான நடந்துச்சு? இந்த வாசல்லதான் தீரணும். அண்ணாச்சி வந்து தோள் குடுக்கணும்னு சொல்லு."

"ஆண இருக்கே, லூசி."

"ஆணைய ஆரு முறிக்கச் சொன்னா? பதில் வந்த பொறவு வரட்டும்."

நூர் நிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். பெட்டியை நாலு மணிக்குத் தூக்குவதாக ஏற்பாடு. ரேடியோவில் பதில் நாலரைக்கு. நூர் நிஷா போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே வாடகை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் தணிந்த குரல் என்றால் துக்கம் என்று பொருள் இல்லை.

"நெருப்பு பட்டால் ஆளே மாறிவிடுவேன்னுதான மூணாவது குறிப்பு?" இது நம்பிராஜன். "சிப்பியச் சுட்டாத்தான சுண்ணாம்பு? நெருப்புதான ஆள மாத்துது? இன்னாசி சொன்னது நூத்துக்கு நூறு சரி."

"அப்படிப் பாத்தா வெண்ணெயைக் காய்ச்சினா நெய்யாறதே, ஓய்" என்றார் ஜகந்நாதன். "நெருப்புக்கு முன்னாடி இருக்கறதைத்தானே நான்னு சொல்றது? சிப்பியையா வெத்தலைல பூசறா? பாண்ங்கறதுக்குப் பாட்டுன்னும் ஒரு அர்த்தம் உண்டு. பாட்டுல எதைப் பூசறது, சொல்லும்."

"தேன" என்றார் நம்பிராஜன். யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக்கினார்கள்.

உள்ளே இருந்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். "இழவு வீட்டுல என்ன பேச்சு பேசுதானுவ பாரு." லூசியம்மாளுக்கோ அந்தப் பேச்சு காதில் விழ விழ நெஞ்சு கொஞ்சம் இளகியது. இன்னாசிமுத்து உயிரோடு இருந்தால் அந்தப் பெஞ்சில் நடுவில் உட்கார்ந்திருப்பார். வேறு யாருடைய சாவாக இருந்தாலும் இதைத்தான் பேசியிருப்பார்.

நாலு மணிக்குச் சந்தியாகு பெட்டியின் மூடியோடு வந்தார்.

"லூசி, நேரமாச்சு. கடைசியாப் பாக்கவுக எல்லாம் பாத்துக்கிடச் சொல்லு."

"பெட்டி இப்ப எழும்பாது அத்தான்."

"என்னது?"

"ரேடியோவுல பதில் சொல்லட்டும். கேட்டுட்டுத் தூக்கலாம்."

உபதேசியார் ஜெபமாலையில் ஒரு மணியைத் தவறவிட்டார். சந்தியாகுவுக்குக் காது சிவந்தது. "ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா? பொணத்த நடு வீட்டுல போட்டுக்கிட்டு ரேடியோ வைப்பாளா ஒருத்தி? கோயில்ல சாமி காத்துக்கிட்டு இருக்காவ. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு எது செஞ்சாலும் சொல்லும். சாமியார் வரட்டும்னு பூசைக்கு எத்தன நாளு நாம வெயில்ல நின்னுருக்கோம்? இன்னைக்கு ஒரு நாளு அவுக நிக்கட்டும். நம்பிராஜன் அண்ணாச்சி, ஓடிப்போயி சாமிகிட்டக் கொஞ்சம் தாமசமாவும்னு சொல்லிட்டு வாங்க." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "பாட்டுக் கேக்க ரேடியோ வைக்கல அத்தான். ஒரு மனுசன் சொன்ன சொல்லுக்காவ உள்ள வர முடியாம வெளிய கெடக்காரு. இவுக அவர எதிர்பாத்துக்கிட்டே போயிட்டாவ. ரெண்டு பேரையும் சேத்து வைக்காம இந்தப் பெட்டியத் தூக்க விட மாட்டேன்."

சந்தியாகு உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் சுவரைப் பார்த்தார். அவரும் போட்டிக்குக் கார்டு போட்டவர்தான், வெண்ணெய்க் கட்சி.

நேரம் வந்ததும் லூசியம்மாளே போய் ரேடியோவைத் திருகினாள். வால்வு சூடாகி, இரைச்சல் வந்து, இரைச்சலுக்குள்ளிருந்து கொழும்புக்காரரின் குரல் வந்தது. நம்பிராஜன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெஞ்சில் இருந்தவர்கள் ஜன்னலில் நெருக்கினார்கள். முகம் சுளித்த பெண்களும் முந்தானையை வாயில் வைத்தபடி காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"நேயர்களே, காலையில் பாண் உண்ணும்போது அதில் எதைப் பூசுகிறோம்? நெருப்பில் வைத்தால் எது உருகி நெய்யாகிறது? விடை, வெண்ணெய்!"

அவ்வளவு நாள் கட்சி கட்டிவிட்டு, ஜெயித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "பாவுவே" என்றார் நம்பிராஜன் மெல்ல. "நம்ம ஈரானிக் கடப் பாவு ரொட்டி. அதத்தான் அவன் பாண்ங்கான்." தினமும் காலையில் அந்தப் பாவைத்தான் சாயாவில் நனைத்துத் தின்றுவிட்டு இன்னாசிமுத்து வேலைக்குப் போவார். பெயர் தெரியாமலே தின்றிருக்கிறார். பரிசு பெற்றவர்களின் பெயரை வாசிக்கத் தொடங்கியதும் லூசியம்மாள் ரேடியோவை அணைத்தாள். அது அவளுக்குத் தேவையில்லை.

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். ஆள் வரவில்லை.

நாலு சந்து தூரத்துக்கு இவ்வளவு நேரம் ஆகாது. சந்தியாகு மூடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். லூசியம்மாளுக்கு அன்றைக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. பதில் வந்தால் போதும் என்று நினைத்தோமே, என்ன பதில் என்று நினைத்துப் பார்க்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

ஷாகுல் ஹமீது, சாயாக்கடை ரேடியோவில் பதிலைக் கேட்டுவிட்டு, சந்து முனையிலேயே நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் தயங்கித் தயங்கி வந்து, வாசற்படிக்கு வெளியே நின்றார். கையில் பட்டறைப் பசை காய்ந்திருந்தது.

"வாங்க அண்ணாச்சி. பதில் வந்துட்டுல்லா?"

"நாந் தோத்திருந்தா ஓடி வந்திருப்பேன் தங்கச்சி. செயிச்சிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?"

"நீங்க செயிச்சாலும் தோத்தாலும் வருவியன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தாவ. ஏறி வாங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வழி விட்டார்கள். பெட்டியின் தலைமாட்டில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து இன்னாசிமுத்துவின் காதருகே வாயைக் கொண்டுபோனார்.

"நீரு சொன்னதுதாம்வே. சுண்ணாம்புதான்."

பெண்கள் விம்மினார்கள். ஜகந்நாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அந்தப் பொய்யை ஒத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். லூசியம்மாள் தயாராக இல்லை.

"பொய் சொல்லாதிய அண்ணாச்சி" என்றாள். "இத்தன வருசத்துல தோத்தேன்னு ஒரு தடவ ஒத்துக்கிட்டது உண்டா அவுக? இன்னைக்காவது எதுத்துப் பேசாமக் கேட்டுக்கிடட்டும்."

கடைசிச் சொல் வாயிலிருந்து வரும்போதுதான் குரல் உடைந்தது. விடிந்ததிலிருந்து வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. நூர் நிஷா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

ஷாகுல் ஹமீது மறுபடியும் குனிந்தார்.

"வெண்ணெய்வே" என்றார். "வெண்ணெய்."

சொல்லிவிட்டு நிமிரவில்லை. இன்னாசிமுத்துவிடமிருந்து ஒரு மறுபேச்சு வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரமும் குனிந்தபடியே நின்றார். சந்தியாகு கையிலிருந்த மூடியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.